முப்பத்தோராவது துளை

எங்கள் கோபுரத்தை வேண்டுமென்றேதான் சாய்த்துக் கட்டினோம். வெளியே சொல்ல அனுமதி இல்லை. தானியச் சந்தைச் சதுக்கத்தில் டிராமுக்காக நிற்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, மாஸ்கோவுக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இருபத்து நான்கு மாடி. அதன் மேல் ஊசிமுனை. அப்போது உச்சி பதினான்கு சென்டிமீட்டர் கிழக்கே தள்ளி நின்றது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. என் கருவிக்குத் தெரியும். என் பெயர் தாய்சியா நிகோனவா. அந்தச் சாய்வை அளப்பதுதான் என் வேலை.

கட்டடத்தின் மேற்குப் பகுதிக்கு அடியில் சுரங்க ரயில் நிலையத்துக்குப் படிக்கட்டு இறங்குகிறது. அதற்குக் குழி தோண்ட வேண்டும். தரையோ, கையில் அள்ளினால் கஞ்சி மாதிரி விரலிடுக்கில் ஒழுகிப்போகும் ஈர மணல். குழியை முடித்துவிட்டுக் கோபுரம் கட்டலாம் என்றால் மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். அப்போது எங்கள் தலைமைப் பொறியாளர் க்ளேப் சவேலியெவிச் ஒரு வழி சொன்னார். குழியைச் சுற்றி வரிசை வரிசையாகக் குழாய்கள் இறக்கி, உறையாத உப்புத் தண்ணீரைக் கடுங்குளிராக்கி அவற்றுக்குள் ஓடவிட்டார். மணல் கல்லாக உறைந்தது. அந்தக் கல்லுக்குள் குழி தோண்டினார்கள்.

ஆனால் உறைந்த ஈரம் பருக்கும். மேற்குத் தரை மேலே எழும்பும். பிறகு உருகும்போது முன்னிருந்ததைவிடக் கீழே இறங்கும். அதன்மேல் நிற்கும் கோபுரமும் அந்தப் பக்கம் சாயும். எவ்வளவு சாயும் என்று சவேலிச் (நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்) மூன்று மாதம் கணக்குப் போட்டார். அதே அளவுக்கு எஃகுத் தூண்களை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து நட்டார். மண் உருக உருகக் கோபுரம் தானாக நிமிரும்.

"சவேலிச், குடிச்சவனைக்கூட இப்படிக் கோணலா நிக்க வச்சு நான் பார்த்ததில்ல" என்றார் கொத்தனார் ஒருவர்.

"குடிச்சவன் விழுவான்யா. இது நிமிரும்" என்றார் சவேலிச்.

ஜனவரியில் குளிர் இயந்திரங்களை நிறுத்தி, அதே குழாய்களில் வெந்நீர் விட்டோம். கணக்கு சொன்னபடியே எல்லாம் நடந்தது. பிப்ரவரி முடிவில் பன்னிரண்டு. மார்ச் முடிவில் பத்து. ஏப்ரல் பதினாறாம் தேதி ஒன்பது. அதோடு நின்றது.

பதினேழாம் தேதி ஒன்பது. இருபதாம் தேதி ஒன்பது. வெயில் ஏறினால் எஃகு ஒரு பக்கம் சூடேறி அளவு தப்பிவிடும். அதனால் நான் விடியலில்தான் அளப்பேன். தினமும் கருவியில் கண் வைக்கும் முன் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொள்வேன். வெளிப்படையாகப் போட்டுக்கொள்ளும் காலம் அல்ல அது. கண்ணை எடுத்தால், ஒன்பது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வடமேற்கு மூலை இறங்கிக்கொண்டிருந்தது. தென்மேற்கு மூலை அசையவில்லை. நனைந்த துணியை முறுக்குவதுபோல யாரோ கோபுரத்தை மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் மாடிச் செங்கல் சுவரில் மயிரிழை விரிசல்கள் வந்தன. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். வாரத்தில் நான்கு கண்ணாடி உடைந்தது.

வெள்ளிக்கிழமை என் அளவைக் கொட்டகைக்கு வாஜெனின் வந்தார். கட்டுமானக் கண்காணிப்புக் குழுவின் ஆள். நல்ல கம்பளி மேலங்கி, மெல்லிய குரல். வந்ததும் தொப்பியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். அவசரமாகப் போகிறவர் அப்படி வைக்கமாட்டார்.

"பதினோரு நாளா ஒன்பது. சரிதானே, தோழர் நிகோனவா?"

"சரிதான், தோழர் வாஜெனின்."

"மே தினத்துக்கு இந்தச் சதுக்கம் வழியா ஊர்வலம் போகுது. லட்சம் பேர். அவங்க தலைமேல முறுக்கிக்கிட்டு நிக்கிற ஒரு கட்டடம். இதுக்கு யாராவது பதில் சொல்லணுமில்ல?"

அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. சாய்வு தொடக்கத்திலிருந்தே கட்டுப்பாட்டில் இல்லை என்றும், தலைமைப் பொறியாளர் அதைத் தெரிந்தே மறைத்தார் என்றும், அளவையாளர் என்ற முறையில் நான் உறுதி சொல்கிறேன் என்றும் எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"இது உண்மையில்லையே" என்றேன்.

"உண்மைன்னா கோபுரம் நிமிர்ந்திருக்குமே." சிரித்தார். "உங்க தம்பி ரியாசான்ல வாத்தியாரா இருக்காராமே? பசங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்குமாம். கேள்விப்பட்டேன்."

தம்பியை எதற்கு இழுக்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் அது எல்லோருக்கும் புரியும் மொழி. தாளில் நான் கையெழுத்திட்டால் சவேலிச் சிறைக்குப் போவார். சிறையோடு நிற்குமா என்பதும் தெரியாது.

"திங்கட்கிழமை காலை வரைக்கும் டைம் குடுங்க. இன்னும் ரெண்டு அளவு பார்த்துடறேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "திங்கட்கிழமை நானே வரேன். விடியல்லயே. நீங்க எழுதறதை நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம் பாருங்க, என் கண்ணாலயே பார்த்துடலாம்."

அவர் போனபின் நான் குனிந்து கால்களைப் பார்த்தேன். என் காலில் இருந்தவை சவேலிச் கொடுத்த கம்பளிப் பூட்ஸ். முதல் குளிர்காலத்தில் நான் கிழிந்த தோல் செருப்போடு பனியில் நின்று அளப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் கருவியின் முக்காலியடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். யார் வைத்தது என்றுகூடச் சொல்லவில்லை. அவருடைய கால் அளவு என்பதால்தான் கண்டுபிடித்தேன்.

அன்று முழுக்க ஒரே கேள்விதான் மனசில் ஓடியது. தென்மேற்கு மூலை ஏன் உருகவில்லை? மண்ணின் சூட்டை அளக்க நாற்பது துளைகள் போட்டிருந்தோம். தினமும் ஒவ்வொன்றிலும் கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்கிப் பார்ப்பதும் என் வேலைதான். எல்லாத் துளையும் உறைநிலைக்கு ஒரு பாகை மேலே காட்டியதாகப் பதிவேட்டில் இருந்தது.

எழுதியதெல்லாம் அளந்ததா? இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முப்பத்தோராவது துளை, தென்மேற்கு மூலையில், ஒரு பழைய இரண்டு மாடி வீட்டின் சுவரோரம் இருந்தது. ஏப்ரல் பதினேழாம் தேதி அதன் வழியில் செங்கல் அடுக்கிவிட்டார்கள். சுற்றிப் போனால் முழங்கால் சேறு. முதல் நாள் பூட்ஸ் பாழாகும் என்று நினைத்தேன். பக்கத்துத் துளையின் எண்ணையே அதற்கும் எழுதினேன். இரண்டாம் நாள் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது.

சனிக்கிழமை விடிந்ததும் சேற்றில் இறங்கினேன். மூடியைத் திறந்து வெப்பமானியை இறக்கினேன். இருநூறு எண்ணிவிட்டு மேலே இழுத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே ஏழு.

மறுபடி இறக்கினேன். ஏழு.

மண் அங்கே உருகவில்லை என்பது மட்டுமல்ல. யாரோ அதை உறைய வைத்துக்கொண்டிருந்தார்கள். தரைமேல் கிடந்த குழாயைக் கையால் தொட்டேன். தோல் ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் கடைசியில், மற்றக் குழாய்களெல்லாம் ஆவி விடும்போது, அது ஒன்றின்மேல் மட்டும் வெள்ளை உறைபனி பூத்திருந்தது. அதைப் பின்தொடர்ந்து நடந்தேன். அது இயந்திரக் கொட்டகைக்குள் போனது.

உள்ளே அமோனியா நெடி. வெந்நீர் பம்பு இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குப் பின்னால், பெரிய இயந்திரம் நின்ற இடத்துக்கு ஓரமாக, தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பக் காகிதம் வராமல் கிடந்த சின்னக் குளிர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முக்காலியில் க்ளாஷா அத்தை உட்கார்ந்து வெங்காயத்தோலை உரித்து ஒரு சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற அதுதான். அத்தைக்கு ஐம்பது வயது, மூன்று ஆள் பலம், இரண்டு ஆள் வாய். இயந்திரக்காரர்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போனபின் கொட்டகை அவள் ஒருத்தி பொறுப்பில் இருந்தது.

"என்னடி தாஸ்யா, சேத்துல பன்னி மாதிரி உருண்டுட்டு வந்திருக்க? கதவைச் சாத்து, வெந்நீர் ஆறிடும்."

"அத்தை, அது ஏன் ஓடுது?"

அவள் கை நின்றது. வெங்காயத்தோல் ஒன்று தரையில் விழுந்தது.

"எது?"

"அத்தை!"

அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மூலை வீட்டு நிலவறையில ஒருத்தி இருக்கா. லீதியா. ஏழு மாசம். ரத்தம் போகுது. அசையக்கூடாது, கட்டில்லயே கிடன்னு டாக்டரம்மா சொல்லிட்டா. முன்னாடி ரெண்டு தடவை போயிடுச்சாம் அவளுக்கு. புருஷன் சைபீரியாப் பக்கம் ரயில் ஓட்டப் போயிருக்கான். பதினஞ்சாம் தேதி அந்தச் சுவர்ல விரல் போற அளவுக்கு வெடிப்பு. மணல் வடியுது, அவ தலைமாட்டுல! நான் போய்ப் பார்த்தேன். மண்ணு உருகினா சுவர் அவமேல வரும். அதான் அந்த ஒரு குழாயை மட்டும் திருப்பி விட்டேன். சுவர் நின்னுடுச்சு."

"அந்த வீட்டைக் காலி பண்ணியிருக்கணுமே?"

"பண்ணியிருக்கணும்! பிப்ரவரிலயே வேற ரூம் தர்றோம்னாங்க. காகிதம் வரல. மத்தவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. இவளுக்கு யாரு இருக்கா? நான்தான் கஞ்சி கொண்டுபோறேன்."

"உங்களுக்கு அவ உறவா?"

"உறவா? எட்டிப் பார்த்தேன், கிடந்தா. அவ்வளவுதான்டி உறவு."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஒரு குழாயைத் திருப்பினாள். இருபத்து நான்கு மாடி முறுக்கிக்கொண்டது. அவளுக்கு அது தெரியாது. மூலையோரம் கொஞ்சம் மண் மெதுவாக உருகினால் என்ன என்று நினைத்திருக்கிறாள். சொன்னேன். ஏழாம் மாடிக் கண்ணாடியையும், வாஜெனினின் தாளையும் சொன்னேன். அவள் முகம் சாம்பலானது.

"அப்போ சவேலிச்சை என்னாலதான்…"

"என்னாலயும்தான். நான் துளையை அளந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

அவள் எழுந்து இயந்திரத்தின் நெம்புகோலில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். "இப்ப நிறுத்தினா அவ கதி?" என்றாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது என் கையில் சவேலிச்சைக் காப்பாற்றும் எண் இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஏழு. அதை வாஜெனினிடம் காட்டினால் கணக்குத் தப்பில்லை என்று ஆகிவிடும். அடுத்த நிமிடம், அரசாங்கக் கட்டடத்தைக் கெடுக்கச் சதி செய்தவள் என்று க்ளாஷா அத்தையைக் கூட்டிப்போவார்கள். ஆண்டவரே, ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் கொடுக்கச் சொல்கிறீரா என்று சேற்றுக் காலோடு நின்று கேட்டேன். சவேலிச்சிடம் போனேன்.

அவர் வரைபடங்களின்மேல் தலை வைத்துக் கிடந்தார், தூங்கவில்லை. பதினோரு நாளில் பத்து வருஷம் மூப்பு ஏறியிருந்தது. நான் சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கீழே ஏழா? நிச்சயமா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். "அப்போ என் கணக்கு சரி!" என்று மேஜையில் தட்டினார். அந்த வெளிச்சம் ஒரு நிமிடம்தான் நின்றது. "க்ளாஷாவா பண்ணா?" என்றார் மெதுவாக. மேலங்கியை எடுத்தார். "வா, அந்தப் பொண்ணைப் பார்ப்போம்."

நிலவறையில் ஒரே ஒரு ஜன்னல், தரையோடு தரையாக. லீதியா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். சவேலிச் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வெடிப்பை விரலால் தடவினார், முகர்ந்தார், ஈர மணலைக் கிள்ளிப் பார்த்தார்.

"இங்க நீங்க இருக்கக்கூடாதும்மா."

"எங்க போறது, ஐயா? அசைஞ்சா இதுவும் போயிடும்."

"அசையாமலே கொண்டுபோறோம்." அவர் ஜன்னல் வழியே மேலே பார்த்தார். அங்கிருந்து கோபுரத்தின் அடி மட்டும் தெரிந்தது, சுண்ணாம்புக்கல் பாவிய பெரிய அடி. "அதுக்குள்ள ரெண்டாம் மாடியில ஒரு அறை இருக்கு. பூச்சு காயறதுக்கு அடுப்பு எரியுது. மாஸ்கோவுலயே இன்னிக்கு அதைவிட வெதுவெதுப்பான இடம் கிடையாது."

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "சவேலிச், அது முறுக்கிக்கிட்டு நிக்குது. நாளைக்கு இந்த மூலையை விட்டோம்னா இறங்கும். இறங்கற கட்டடத்துக்குள்ள ஒரு கர்ப்பிணியை…"

"நான் கட்டின கட்டடம்" என்றார். "நானும் அதே அறையிலதான் உட்காரப்போறேன்."

பிறகு, "பதிவேட்டுல அந்தப் பதினோரு நாளை என்ன பண்ணப்போற?" என்று கேட்டார்.

"சிவப்பு மையால அடிச்சுட்டு, பக்கத்துல 'அளக்கவில்லை'ன்னு எழுதப்போறேன்."

"எழுதாதே. உனக்குத் தம்பி இருக்கான்."

"முதல்ல எழுதினதே பொய். அதை மறைக்க இன்னொண்ணு எழுத என் கை வராது, சவேலிச்."

அவர் என்னைத் திட்டவில்லை. பூட்ஸைப் பார்த்து, "பாழாயிடுச்சே" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. தளத்தில் காவலர் மட்டும்தான், க்ளாஷா அத்தை அவருக்கு இனிப்பு ரொட்டியும் இரண்டு முட்டையும் கொடுத்து, "கிறிஸ்து உயிர்த்தார்!" என்று மூன்று தடவை முத்தமிட்டு வடக்கு வாசலிலேயே உட்கார வைத்துவிட்டாள். லீதியாவைக் கட்டிலோடு தூக்கினோம். சவேலிச் முன்னால், க்ளாஷா அத்தை பின்னால், பக்கத்துக்கு ஒருவராக நானும் டாக்டரம்மாவும். கண்ணாடிச் சுமைபோல அடி அடியாக நகர்ந்தோம். படிகளில் க்ளாஷா அத்தை கட்டிலின் கால்பக்கத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கட்டில் மட்டமாகவே ஏறியது.

"வலிக்குதாம்மா?" என்று சவேலிச் படிக்குப் படி கேட்டார்.

"எனக்கு வலிக்குது, என்னைக் கேக்க மாட்டேங்கறீங்களே" என்றாள் க்ளாஷா அத்தை. லீதியா சிரித்துவிட்டாள். "சிரிக்காதேடி, ஆடாதே!" என்று அதட்டினாள் டாக்டரம்மா.

நடுப்பகலில் சின்ன இயந்திரத்தை நிறுத்தினோம். முப்பத்தோராவது துளையோரக் குழாயில் வெந்நீர் திறந்தோம்.

"குழாயை ஒட்டின பனிதான் முதல்ல விடும்" என்றார் சவேலிச். "அது விட்டா மூலை கொஞ்சம் அசையும். எனக்கு ரெண்டு மில்லிமீட்டர் போதும், தாஸ்யா. நிமிர ஆரம்பிச்சிருக்குன்னு காட்டினாப் போதும்."

மாலை ஆறு மணிக்கு ஏழாம் மாடியில் ஒரு கண்ணாடி உடைந்தது. கேட்டவுடன் ஓடினேன். நான் நிற்கும்போதே இன்னொன்று உடைந்தது; பிறகு எஃகு எங்கோ உள்ளே ஒரு நீண்ட முனகல் முனகியது, மரக்கப்பலின் உடல்போல. கீழே இரண்டாம் மாடிக்கு வந்தேன். சவேலிச் சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, லீதியாவுக்காக உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. கத்தி மட்டும் நிற்காமல் ஓடியது.

"அது என்ன சத்தம், ஐயா?" என்றாள் லீதியா.

"கட்டடம் சோம்பல் முறிக்குதும்மா. ரொம்ப நாளா ஒரே பக்கமா படுத்திருந்துது. உன்னை மாதிரி."

திங்கட்கிழமை கிழக்கு வானம் வெளுக்கும் முன்னமே வாஜெனின் வந்துவிட்டார். காரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வந்தார். நான் கருவியின் பக்கத்தில் நின்றேன். அவர் கருவியைப் பார்க்கவில்லை, பதிவேட்டைக் கேட்டார்.

பக்கத்தைப் புரட்டியவர் சிவப்பு மையில் நின்றார். பதினோரு கோடுகள். சனிக்கிழமையின் எண் கீழே.

"மைனஸ் ஏழு. யார் ஓட்டினது?"

சவேலிச் கோபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். "என் தளம். என் பொறுப்பு. நான் சொல்லித்தான் ஓடிச்சு."

"பொய்!" கொட்டகை வாசலிலிருந்து க்ளாஷா அத்தை கத்தினாள். "சனிக்கிழமை வரைக்கும் இந்த மனுஷன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. நான்தான் ஓட்டினேன். கையைப் பாருங்க, குழாய்ல தோல் உரிஞ்சிருக்கு."

"தோழர் வாஜெனின், நான் ஒழுங்கா அளந்திருந்தா ஒரே நாள்ல நின்னிருக்கும்" என்றேன். "சேத்துக்குப் பயந்து பொய் எண் எழுதினேன். அந்தப் பதினோரு நாள் என்னுது."

வாஜெனின் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன்" என்றார். "யார் பண்ணினதுன்னு நான் கேட்டா எல்லாரும் பக்கத்துல நிக்கிறவனைக் காட்டுவாங்க. அது எனக்கு வசதி. உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"எதுக்கு ஓட்டினீங்க?" என்று க்ளாஷா அத்தையிடம் கேட்டார். அவள் இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

லீதியா விழித்திருந்தாள். வந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது; நல்ல மேலங்கியைப் பார்த்து மேலே வேலை செய்யும் யாரோ என்று நினைத்தாள். "வாங்க ஐயா, நேத்துப் பண்டிகை" என்று தலைமாட்டுத் தட்டிலிருந்து ஒரு சிவப்பு முட்டையை நீட்டினாள். "க்ளாஷா அத்தை கொடுத்தது. எனக்கு ரெண்டு வேண்டாம்."

வாஜெனின் முட்டையை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க அவருக்கு வழி தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"நீங்க எப்படி இங்க?"

அவள் சொன்னாள். வெடிப்பு, மணல், கட்டில். "பிப்ரவரில ரூம் தர்றதா சொன்னாங்க. காகிதம் கட்டுமானக் கண்காணிப்பு ஆபீஸ்ல கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காம். பெரிய மனுஷங்க, அவங்களுக்கு ஆயிரம் வேலை. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவரை அடித்தது. முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நிமிடம் நின்றார். பிறகு மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கினார்.

வெளிச்சம் வந்துவிட்டது. வெயில் விழ இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"காட்டுங்க" என்றார்.

நான் அளந்தேன். என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதால் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன். அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை, விலகி நின்றேன். வாஜெனின் குனிந்து கண் வைத்தார். அவர் மூச்சு கருவியின்மேல் படுவது தெரிந்தது. சவேலிச் கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு… எட்டரைக்கு மேல."

"எட்டு புள்ளி ஆறு" என்றேன். "நாலு மில்லிமீட்டர் நிமிர்ந்திருக்கு."

க்ளாஷா அத்தை விடியல் வெளிச்சத்தில், எல்லோர் கண்முன்னும், பெரிதாகச் சிலுவை போட்டாள். வாஜெனின் அதைப் பார்த்தார். பார்க்காதவர்போல் பதிவேட்டைத் திருப்பித் தன் பேனாவை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். சாய்வு குறைந்து வருகிறது, மூலையில் மண் மெதுவாக உருகியதே தாமதத்துக்குக் காரணம், கண்காணிப்புத் தொடரட்டும் என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்து.

"ஊர்வலத்தை எதிர்ச் சாரியில திருப்பிடச் சொல்றேன். பத்து நாள். பத்து நாள்ல ஏழுக்குக் கீழ வரணும்."

"வரும்" என்றார் சவேலிச்.

"வரலைன்னா என் கையெழுத்தும் இதுல இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

"அந்தத் தாள்… நான் கையெழுத்துப் போடலையே" என்றேன்.

"எந்தத் தாள்?" என்று கேட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

லீதியாவின் அறைக் காகிதம் மே மூன்றாம் தேதி வந்தது. பத்தாம் நாள் காலை என் கருவி ஆறு புள்ளி ஒன்பது காட்டியது. ஜூலையில் லீதியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆகஸ்டில் கோபுரம் ஒன்றரை சென்டிமீட்டரில் வந்து நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. அதைச் சாய்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தாமதத்துக்குத் தண்டனை இல்லாமல் போகவில்லை. விருது வாங்கியவர்கள் பட்டியலில் சவேலிச் பெயர் இல்லை. இலையுதிர்காலத்தில் அவரை உரால் மலைப் பக்கம் தானியக் கிடங்குகள் கட்ட அனுப்பிவிட்டார்கள். ரயில் நிலையத்தில் க்ளாஷா அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "பெரிய கோபுரம் கட்டின மனுஷனைக் கிடங்கு கட்ட அனுப்பறாங்களே, நான் பாவி!"

"அழாதே க்ளாஷா, எலிங்க பார்த்தா சிரிக்கும்" என்றார் அவர்.

குளிர்காலத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு வரிதான். இங்கே தரை முழுக்கப் பாறை என்று எழுதியிருந்தார். எதையும் சாய்த்துக் கட்ட வேண்டியதில்லை. அடுப்பு நன்றாக எரிகிறது. படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது.